நெல்லைச் சீமையில் நிலம் பார்ப்பது எப்படி? புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாபநாசத்தில் காலையில் குளித்துவிட்டுப் பஸ் ஏறினால், மதியச் சாப்பாட்டுக்குத் திருச்செந்தூர் போய்விடலாம். சுமார் 100 கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்துக்குள் மழைக்காட்டு மலை, நெல் வயல், வாழைத்தோப்பு, உடைமரப் பொட்டல், சிவந்த தேரி மணல்மேடு, உப்புக்காற்று அடிக்கும் கரை என்று எல்லாம் வந்து போகும். வடக்கே கோவில்பட்டிப் பக்கம் திரும்பினால் கரிசல். இவ்வளவு சின்ன வட்டாரத்தில் இத்தனை வகை நிலம் அமைவது அபூர்வம்.

வேலை மாற்றலாகி இங்கே வந்தவர்கள், பல வருஷம் வெளியூரில் இருந்துவிட்டுச் சொந்த ஊர் திரும்புகிறவர்கள், ஒரு ஏக்கர் வாங்கித் தோப்பு வைக்கலாம் என்று நினைப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். நெல்லைச் சீமை என்று நான் சொல்வது பழைய மாவட்டம் முழுவதையும். 1986ல் தூத்துக்குடியும் 2019ல் தென்காசியும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. காற்றும் ஆறும் அந்த எல்லைக்குக் கட்டுப்படுவதில்லை.

நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். அம்பாசமுத்திரத்தில் பலித்தது ராதாபுரத்தில் பலிக்காது; ராதாபுரத்தில் பலித்தது விளாத்திகுளத்தில் பலிக்காது. வீடு கட்டுவதற்கும் மரம் நடுவதற்கும் போர் போடுவதற்கும் முன்னால், நீங்கள் நிற்கிற இடம் எப்படி இப்படி ஆனது என்று தெரிந்துகொள்ளுங்கள். முதலில் மலையும் காற்றும், அடுத்து மண், பிறகு தண்ணீர் போகும் வழி, அதன் பிறகு செடிகொடியும் பறவையும் என்ற வரிசையில் பார்ப்பது நல்லது. முன்னது புரிந்தால்தான் பின்னது விளங்கும்.

முதல் படி: மலைக்கு எங்கே நிற்கிறீர்கள்

மொட்டை மாடியில் ஏறி மேற்கே பாருங்கள். சிவகிரியிலிருந்து பணகுடி வரைக்கும் மலைத்தொடர் சுவராக நிற்கிறது. அதில் இரண்டு இடங்களில் மட்டும் வாசல் இருக்கிறது. ஒன்று செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய். இன்னொன்று தெற்குக் கோடியில் ஆரல்வாய்மொழி. உங்கள் ஊரின் வானிலையைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது இந்தச் சுவரும் இந்த இரண்டு வாசல்களும்தான்.

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. மலையின் கேரளப் பக்கத்தில் ஏறும்போது காற்று குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. உச்சியைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அதே காற்று சூடாகி, மிச்ச ஈரத்தையும் உள்ளேயே வைத்துக்கொள்கிறது. அதனால்தான் ஆனி, ஆடியில் பாளையங்கோட்டையில் காற்று மட்டும் வீசுகிறது, மழை இல்லை. ஆரியங்காவு வழியாக மேகம் நேரே உள்ளே வந்துவிடுவதால் செங்கோட்டை, குற்றாலம், தென்காசி வட்டாரத்தில் அதே நாட்களில் சாரல் அடிக்கும். குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருக்கும் நாளில் திசையன்விளையில் புழுதி பறப்பதைப் பார்க்கலாம். ஆரல்வாய்மொழி வாசலில் வருவது ஈரமில்லாத வேகக் காற்று. முப்பந்தல் தொடங்கிப் பணகுடி, ராதாபுரம் வரைக்கும் காற்றாலைகள் நிற்பது அதனால்தான்.

சமவெளிக்கான மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கிழக்கேயிருந்து வருகிறது. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கிடைப்பதுதான். சமவெளியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 700 மில்லிமீட்டர். நாலுமுக்கு, ஊத்து, காக்காச்சி போன்ற மலை உச்சிப் பகுதிகளில் அதைப் போலப் பல மடங்கு. உச்சிக்கு இரண்டு பருவமும் கிடைக்கிறது. பொதிகையில் பிறக்கிற தாமிரபரணி கோடையிலும் ஓடுவதற்கு அதுதான் காரணம்.

உங்கள் வேலை இதுதான். வீட்டில் ஒரு மழைமானி வையுங்கள். கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் மானியே போதும். இல்லாவிட்டால் அடியும் வாயும் ஒரே அகலமுள்ள பாத்திரமும் ஸ்கேலும் போதும். மரத்தடியிலோ கூரையோரத்திலோ வைக்காமல் திறந்த வெளியில் வைத்து, தினமும் காலையில் ஒரே நேரத்தில் அளந்து காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் பெய்தால் அது 1 லிட்டர். 1,000 சதுர அடி மாடியில் 700 மில்லிமீட்டர் பெய்தால் சுமார் 65,000 லிட்டர். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் மாடித் தண்ணீரைத் தெருவில் விட மனம் ஒப்ப மாட்டார்கள்.

சராசரியை மட்டும் நம்பிவிடாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஒரு வருஷ மழையைவிடக் கூடுதல், ஒரே நாளில். அதுவும் வறண்ட கடற்கரை என்று பெயரெடுத்த இடத்தில். இங்கே வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் சேர்த்தே தயாராக இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: மண்ணைக் கையில் எடுங்கள்

இதற்கு ஒரு மண்வெட்டி, ஒரு கண்ணாடிப் பாட்டில், கொஞ்சம் வினிகர், ஒரு குடம் தண்ணீர் போதும். மேல்மண்ணைச் சுரண்டிப் பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள். இரண்டு மூன்று அடி ஆழம் தோண்டிப் பாருங்கள். தோண்ட முடியாவிட்டால் பக்கத்தில் புதிதாக வெட்டிய கிணறோ, ஓடைக்கரையோ, ரோடு போட அறுத்த மேடோ இருக்கும். அங்கே மண்ணின் அடுக்குகள் தெளிவாகத் தெரியும்.

ஒரு பிடி மண்ணை ஈரமாக்கி உருட்டுங்கள். உருண்டையே பிடிக்காவிட்டால் மணல். உருண்டை பிடித்து, பென்சில் பருமனுக்குத் திரிக்கும்போது உடைந்தால் நடுத்தரமான மண். திரித்ததை வளையமாக வளைத்தும் விரிசல் விடாவிட்டால் களி. அடுத்து, பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டுத் தண்ணீர் நிரப்பி நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஓரிரு நிமிஷத்தில் மணல் அடியில் தங்கும். சில மணி நேரத்தில் வண்டல் அதன் மேல் படியும். களி தெளிய ஒரு நாளோ கூடுதலோ ஆகும். மூன்று பட்டைகளின் உயரத்தை ஸ்கேலில் அளந்தாலே உங்கள் மண்ணின் கலவை தெரிந்துவிடும்.

அப்புறம் வினிகர். காய்ந்த கட்டியில் சில சொட்டு விடுங்கள். சுறுசுறுவென்று நுரைத்தால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது. அப்படிப்பட்ட மண்ணில் சில செடிகளுக்கு இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்பு இருந்தாலும் சுண்ணாம்பு அதை வேருக்கு எட்டாமல் செய்துவிடுகிறது. நர்சரியில் ஆசைப்பட்டு எந்தக் கன்றை வாங்குவதற்கும் முன்னால் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

கடைசியாக, ஒரு அடி ஆழக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்பி, அது வடிந்த பிறகு மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது தடவை எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்பதுதான் கணக்கு. தேரியில் நிமிஷங்களில் காணாமல் போகும். கரிசலில் மறுநாள் காலையிலும் தண்ணீர் நிற்கலாம்.

சரி, இந்தச் சோதனைகள் ஊருக்கு ஊர் ஏன் வேறு வேறு பதில் சொல்கின்றன? பெரிய காரணம் மழை. மலையிலும் சமவெளியிலும் அடிப்பாறை ஏறக்குறைய ஒரே குடும்பம்தான். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய பழம்பாறை. மலையில் கொட்டுகிற மழை மண்ணிலிருந்து சுண்ணாம்பையும் உப்பையும் கரைத்துக் கொண்டுபோய்விடுகிறது. மிஞ்சுவது புளிப்புத்தன்மை உள்ள மண். மாஞ்சோலையில் தேயிலை வளர்ந்தது அதனால்தான்; தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும். சமவெளியில் அவ்வளவு மழை இல்லை. பெய்கிற தண்ணீர் சில அடி இறங்கி, வெயிலில் மறுபடி மேலே வந்து ஆவியாகிறது. சுண்ணாம்பு அங்கேயே தங்கிச் சுக்கானாக இறுகிவிடுகிறது. கிணறு வெட்டுகிறவர்கள் வெள்ளை வெள்ளையாக அள்ளிப் போடுவது அந்தச் சுக்கானைத்தான்.

கரிசலைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம், கயத்தாறு, சங்கரன்கோவிலின் கிழக்குப் பகுதி, மானூரின் ஒரு பகுதி எல்லாம் கரிசல். மாசி, பங்குனியில் அந்த நிலத்தில் நடந்தால் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விட்டிருக்கும். ஒரு சோளத்தட்டையை வெடிப்புக்குள் விட்டுப் பாருங்கள்; முழங்கை ஆழம் தாண்டியும் இறங்கும். மேலே உதிர்ந்த பொடிமண் அந்த வெடிப்பில் விழுகிறது. மழை வந்ததும் களி ஊதிப் பெருத்து வெடிப்பு மூடிக்கொள்கிறது. வருஷா வருஷம் இப்படி நடப்பதால் மேல்மண் கீழேயும் கீழ்மண் மேலேயும் போய்க் கரிசல் தன்னைத் தானே புரட்டிக்கொள்கிறது. தக்காணத்துக் கரிசல் எரிமலைப் பாறையிலிருந்து பிறந்தது. நம் கரிசலுக்கு அடியில் பெரும்பாலும் இருப்பது அந்தப் பாறை இல்லை. மழை குறைந்த, வடிகால் இல்லாத தாழ்ந்த தரையில், கரைந்த சத்துகள் வெளியேற வழியில்லாமல் தங்கியதால் உருவான களி இது.

கரிசல் உள்வாங்கிய ஈரத்தைப் பல வாரம் பிடித்து வைத்திருக்கும். மழை நின்ற பிறகும் பருத்தியும் சோளமும் கம்பும் உளுந்தும் மிளகாயும் அந்த ஈரத்திலேயே வளர்ந்து முடிந்துவிடும். ஆனால் மழை பெய்துவிட்டால் உள்ளே இறங்க முடியாது. செருப்பு இரண்டு கிலோ கனக்கும், டிராக்டர் சிக்கும். அதனால்தான் மானாவாரிச் சம்சாரிகள் (விவசாயிகள்) மழைக்கு முன்னாலேயே, காய்ந்த மண்ணில், புரட்டாசியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது சூதாட்டமாகத் தெரியலாம். மண்ணின் குணத்தை முழுசாக அறிந்தவர்களின் கணக்கு அது. கோவில்பட்டியில் 1901லிருந்து இயங்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் மானாவாரிப் பயிர்களுக்காகவே நடக்கிறது. கரிசலில் பயிர் செய்ய நினைப்பவர்கள் ஒரு தடவை போய்ப் பேசிவிட்டு வாருங்கள்.

வீட்டுக்குக் கரிசல் ஆகாத மண் என்பதில்லை. ஆனால் சாதாரண அஸ்திவாரம் போதாது. ஊதிச் சுருங்கும் மண் சுவரைத் தூக்கிப் பிளந்துவிடும். வெடிப்பு எட்டாத ஆழத்துக்குப் போய், அடியில் குமிழ் வைத்த அண்டர் ரீம்டு பைல் போட வேண்டும்; அல்லது களியை எடுத்துவிட்டுச் சரள் நிரப்பித் திமிசு கட்ட வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கவே பார்க்காதீர்கள்.

ஆலங்குளம், நாங்குநேரி, வள்ளியூர், ராதாபுரம் வட்டாரங்களில் பெரும்பாலும் செவல், அதாவது செம்மண். ஆழம் குறைவு, சரள் கலந்தது, தண்ணீர் வேகமாக இறங்கும், உழவுக்கு எளிது. பக்கத்துக் குளத்தில் கோடைக்குத் தூர்வாரும்போது முறைப்படி அனுமதி வாங்கிக் கரம்பை (குளத்து வண்டல்) அடித்தால் இந்த மண் தேறும். ஆற்றங்கரையோரத்தில் வண்டல், அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை, அங்கே நிற்கும் நெல்லும் வாழையும் வெற்றிலையும் பார்த்தாலே தெரிந்துவிடும்.

தேரிக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்

திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் விரியும் செம்மணல் மேடுகள்தான் தேரி. குதிரைமொழித் தேரி பெரியது. ஒரு கைப்பிடி அள்ளிப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஒவ்வொரு மணியும் பளிங்குத் துகள். அதைச் சுற்றி இரும்புத்துருவின் மெல்லிய சிவப்பு மேல்பூச்சு. கைப்பிடி மணலைத் தண்ணீரில் அலசினாலும் அந்தச் சிவப்பு லேசில் போகாது.

சித்திரை மத்தியானத்தில் தேரியில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. அதே இடத்தில் கையால் ஒரு அடி தோண்டுங்கள், ஈரம் தட்டுப்படும். பருமணலில் தண்ணீர் மேல்நோக்கி ஏறுவதற்கு நுண்ணிய வழி இல்லை; மேலே காய்ந்த அடுக்கு மூடியாக உட்கார்ந்து கீழே உள்ள ஈரத்தைக் காக்கிறது. பெய்த மழை ஓடாமல் நேரே உள்ளே இறங்கிவிடுவதால் தேரிக்கு மேல் ஓடைகள் குறைவு. தாழ்ந்த இடங்களில் அது தருவை என்கிற ஆழமில்லாத நீர்நிலையாகத் தேங்கி நிற்கும். சுற்றியுள்ள கிணறுகளில் நல்ல தண்ணீராக ஊறும். பனை இங்கே செழிப்பதும், உடன்குடிக் கருப்பட்டிக்குப் பெயர் வந்ததும், முருங்கையும் கொல்லாமரமும் (முந்திரி) பிழைப்பதும் இந்த அடி ஈரத்தால்தான்.

ஆனால் இந்த மணலில் சத்து தங்காது. தண்ணீரையும் எருவையும் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். ஆனி, ஆடிக் காற்றில் மணல் நகரும். நகராமல் பிடித்து வைத்திருப்பது வேர் ஒன்றுதான். தேரி நிலத்தை வாங்கி, ஜேசிபி வைத்துப் பனையைப் பிடுங்கிச் சமப்படுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஒரு பனை பலன் கொடுக்கப் பத்துப் பதினைந்து வருஷமாவது ஆகும். அதைப் பிடுங்கிய இடத்தில் அடுத்த ஆடியில் பக்கத்து வீட்டு வாசலில் மணல் குவிகிறது. தேரியில் நிலம் வாங்கினால் பனையை விட்டுவிட்டு, இடைவெளியில் வேலை செய்யுங்கள்.

மூன்றாம் படி: தண்ணீர் எங்கே போகிறது

தாமிரபரணி பழைய நெல்லைச் சீமைக்குள்ளேயே பிறந்து, புன்னைக்காயல் பக்கம் கடலில் கலக்கிறது. வழியில் எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய்கள் பிரிந்து குளங்களை நிரப்புகின்றன. மலையில் பெய்யும் தென்மேற்கு மழையை நம்பி ஜூனில் அணை திறந்தால் கார் சாகுபடி. ஐப்பசி மழையோடு பிசான சாகுபடி. சமவெளியில் ஒரு சொட்டு மழை இல்லாத மாதத்திலும் சேரன்மகாதேவியில் நாற்று நடுவது அதனால்தான். மலையில் காடு நிற்கிற வரைக்கும்தான் இந்த ஏற்பாடு. களக்காடு முண்டந்துறை 1988ல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமானது. அந்தக் காடு பெய்த மழையைச் சருகிலும் வேரிலும் பிடித்து மெதுவாகக் கசியவிடுவதால்தான் நாம் குடிக்கிறோம்.

ஆற்றுப் பாசனம் எட்டாத ஊர்களில் குளங்கள் சங்கிலியாக இருக்கும். ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்துக்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. மனை வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். கோடையில் பார்த்தால் மறுகால் ஓடை வெறும் பள்ளமாகக் கிடக்கும். அதில் கல் நட்டுப் பிளாட் போட்டிருப்பார்கள். கார்த்திகையில் தண்ணீர் தன் வழியைத் தேடி வரும்.

கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடமும் அ-பதிவேடும் பாருங்கள். அ-பதிவேட்டில் நஞ்சை, புஞ்சை, நீர்நிலைப் புறம்போக்கு என்ற வகை மட்டுமில்லை, மண் வயனமும் (மண் வகை) ரகமும் மண் தரமும் தனித்தனிக் கட்டமாக எழுதியிருக்கும். அந்தக் காலத்தில் தீர்வை விதிக்க நிலம் நிலமாகப் பார்த்து எழுதியது. பத்திரம் பார்க்கிற பலரும் அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஆவணத்தைவிட நம்பகமான ஒன்று உண்டு: ஊர்ப் பெரியவர்கள். டீக்கடைத் திண்ணையில் உட்கார்ந்து, “அண்ணாச்சி, இந்தக் குளம் கடைசியா எப்போ மறுகால் போச்சு?” என்று கேளுங்கள். “ஆச்சி, தொண்ணூத்திரண்டு வெள்ளத்துல தண்ணி எது வரைக்கும் வந்துச்சு?” என்று கேளுங்கள். 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் சுவரில் கை வைத்தே உயரத்தைக் காட்டுவார்கள். 2023க்கு அடையாளம் இன்னும் பல வீட்டுச் சுவர்களில் இருக்கிறது. இரண்டு தடவையும் தண்ணீர் வந்த இடம் என்றால் அங்கே வீடு வேண்டாம், வயலாகவே இருக்கட்டும்.

கடற்கரையோரம் என்றால் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கத் தொடங்கி எத்தனை வருஷமாகிறது? நல்ல தண்ணீரை அதிகமாக இறைத்தால் கடல் நீர் உள்ளே ஏறும். ஏறிவிட்டால் இறங்க நெடுங்காலமாகும்.

நான்காம் படி: செடியும் பறவையும் சொல்வதைக் கேளுங்கள்

விதைக்காமல் தானாக முளைத்து நிற்பவைதான் சரியான சாட்சி. ஒரு எச்சரிக்கை மட்டும்: சீமைக் கருவேலத்தைச் சாட்சிக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். அது கரிசலிலும் வளரும், செவலிலும் வளரும், உவரிலும் வளரும். மண்ணைப் பற்றி எதுவும் சொல்லாது. அதற்கு அடியிலும் ஓரத்திலும் வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

உச்சி தட்டையாகக் குடை விரித்து நிற்கும் உடைமரம் என்றால் வறண்ட, காற்று அதிகமுள்ள தென்பகுதி நிலம். ஆவாரை மஞ்சளாகப் பூத்துக் கிடந்தால் சரள் கலந்த மேட்டுநிலம். கொழுஞ்சி தானாக மண்டியிருந்தால் சந்தோஷப்படுங்கள். அது காற்றிலுள்ள தழைச்சத்தை வேரில் பிடித்துத் தருகிற செடி, வயலில் மடக்கி உழ நல்லது. கோரை அடர்ந்திருந்தால் அங்கே ஈரம் தங்குகிறது. உமிரி கண்ணில் பட்டால் மண்ணில் உப்பு; தென்னை வைக்கலாம் என்று யார் ஆசை காட்டினாலும் முதலில் தண்ணீரைப் பரிசோதித்துவிட்டுப் பேசுங்கள். சாத்தான்குளம் வட்டாரத்தின் வறண்ட செவலில் பயிராகும் நிலவாகை இலை, திருநெல்வேலியின் பெயரைச் சுமந்தே உலகச் சந்தைக்குப் போகிறது. தண்ணீர் இல்லாத நிலம் உதவாத நிலம் என்று நினைப்பவர்கள் அந்தத் தோட்டங்களை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

காடு எப்படி மாறுகிறது என்று பார்க்க மணிமுத்தாறு – மாஞ்சோலைப் பாதைக்கு இணை இல்லை. வனத்துறை அனுமதி வேண்டும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் முள்ளுக்காடு. ஏற ஏறக் கோடையில் இலை உதிர்க்கும் மரங்கள். இன்னும் மேலே எப்போதும் பச்சையாக, பாசி மூடிய மரங்கள்; சிங்கவால் குரங்கு வாழ்வது அங்கேதான். சில மணி நேரப் பயணத்தில் மழையின் அளவு மரத்தின் இலையில் எப்படி எழுதியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். பிளாஸ்டிக் கொண்டுபோகாதீர்கள், குரங்குக்கு எதுவும் கொடுக்காதீர்கள்.

பறவைக்குத் தை, மாசியில் கூந்தன்குளம் போங்கள். நாங்குநேரி வட்டாரத்தில் இருக்கிறது. உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022ல் சேர்ந்த நீர்நிலை. சங்குவளை நாரை ஊருக்குள்ளேயே மரங்களில் கூடு கட்டியிருக்கும். ஆழமில்லாத தண்ணீரில் பூநாரை நிற்கும். இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்து வரும். பறவை எச்சம் கலந்த குளத்துத் தண்ணீரும் கரம்பையும் வயலுக்கு உரம் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும்; கூட்டுக்குத் தொந்தரவு வராமல் பார்த்துக்கொள்கிறார்கள். குளத்தில் தண்ணீர் சரியான அளவில் நிற்கிறது, மீன் இருக்கிறது என்பதற்கு நாரையைவிட நல்ல அளவுகோல் கிடையாது. வல்லநாட்டுக் குன்றில் வெளிமான்கள் இருக்கின்றன. திறந்த புல்வெளியும் முள்புதரும் கலந்த வறண்ட நிலம்தான் அவற்றின் வீடு. தரிசு என்று நாம் ஒதுக்குகிற நிலத்தில் எத்தனை உயிர் இருக்கிறது என்று அங்கே புரியும். அதனால், பொட்டலைக் கண்டால் உடனே மரம் நட்டு மூட வேண்டும் என்று புறப்படாதீர்கள். மரம் நட ஊரும் தெருவும் குளத்தங்கரையும் இருக்கின்றன.

ஐந்தாம் படி: ஒரு வருஷம் பொறுங்கள்

முடிந்தால் எந்த நிரந்தர வேலையையும் ஒரு முழு வருஷம் பார்த்த பிறகு செய்யுங்கள். சித்திரையில் கிணற்றின் நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து வையுங்கள். ஆனி, ஆடியில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்த மரம் சாய்கிறது என்று பாருங்கள். மேற்கு ஓரத்தில் காற்றுத் தடுப்பு வேண்டுமா என்பது அப்போது தெரியும். வாழை வைக்கிறவர்களுக்கு இது உயிர்நாடி. ஐப்பசி, கார்த்திகையில் பெரிய மழை பெய்கிற அன்று குடை பிடித்துக்கொண்டு நிலத்தைச் சுற்றி நடங்கள். எந்த மூலையில் தேங்குகிறது, எந்த வழியாக வடிகிறது என்று பத்து நிமிஷத்தில் தெரிவது பத்துத் தடவை கோடையில் போனாலும் தெரியாது. தையில் மறுபடி கிணற்றை அளந்து பாருங்கள். சித்திரைக்கும் தைக்கும் உள்ள வித்தியாசம்தான் மழை உங்களுக்குக் கொடுக்கிற தண்ணீர். அதற்குள் அடங்கும் பயிரைத் தேர்ந்தெடுங்கள்.

நடும்போது மழைக்கு முன்னால், புரட்டாசியில் குழி எடுத்து ஆறவிட்டு, முதல் நல்ல மழைக்குப் பிறகு நடுங்கள். ஆற்றோரத்தில் மருதம், நாவல், புங்கை, இலுப்பை. செவலில் வேம்பு, புளி. கரிசலில் வேம்பு, வாகை. தேரியில் பனை, கொல்லாமரம். கடற்கரையில் புன்னை, பூவரசு, பனை. இவையெல்லாம் முதல் இரண்டு கோடை தாண்டிவிட்டால் பிறகு உங்களைக் கேட்காமல் வளரும்.

ஆறாம் படி: ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்

கையால் பார்த்தது போக, எண்ணாகவும் தெரிந்துகொள்ள வேண்டும். அறுவடை முடிந்து, உரம் போடாத நேரத்தில் மண் எடுக்க வேண்டும். வரப்பு, மரநிழல், எருக்குழி, வாய்க்கால் ஓரம் தவிர்த்து, நிலத்தில் பத்து இடங்களில் ஆங்கில வி எழுத்து வடிவில் அரை அடி ஆழம் வெட்டி, அதன் சரிவிலிருந்து மேலிருந்து கீழாக ஒரு சீவல் எடுங்கள். எல்லாவற்றையும் சுத்தமான சாக்கில் கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிடுங்கள். அரை கிலோ மிஞ்சும் வரை இதையே திரும்பச் செய்யுங்கள். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டி, பெயர், ஊர், சர்வே எண், அடுத்து வைக்கப்போகும் பயிர் எழுதி, வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். மேட்டுப்பகுதியும் பள்ளமும் நிறத்தில் வேறாகத் தெரிந்தால் இரண்டையும் கலக்காமல் தனித்தனியாக எடுங்கள். மரத்தோப்பு வைப்பதாக இருந்தால் மேல்மண் போதாது. ஒரு அடி, இரண்டு அடி, மூன்று அடி ஆழங்களில் தனித்தனிப் பையாக எடுக்க வேண்டும்.

தண்ணீரும் அப்படித்தான். மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை இரண்டு மூன்று தடவை அலசி, நிரப்பி, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். முடிவு வந்ததும் முதலில் கார அமில நிலையையும் உப்பின் அளவையும் பாருங்கள். அந்த இரண்டும் ஒத்துவராவிட்டால் எந்த உரமும் உதவாது. பயிரை மாற்ற வேண்டியதுதான்.